சூசன் கேர்: தையலும் சிற்பமும் கணினித் திரைக்கு வந்த கதை

சூசன் கேர் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவர் வரைந்ததைப் பார்த்திருப்பார்கள். பழைய விண்டோஸில் சாலிட்டேர் ஆடியிருக்கிறீர்களா? அந்தச் சீட்டுக்கட்டு அவருடையது. ஆப்பிள் விசைப்பலகையில் நாலு மூலையிலும் சுழி போட்ட ஒரு சதுரம் இருக்குமே, அதைத் தேடிப் பிடித்து அங்கே கொண்டுவந்தவர் அவர்தான். படம் வரையும் மென்பொருள்களில் நிறத்தைக் கொட்டுவதற்குச் சாய்ந்த வாளி ஒன்று வருகிறதே, அதன் முன்னோடி 1983 வாக்கில் அவர் கையிலிருந்து வந்தது.

இவரைப் பற்றி எங்கே தேடினாலும் இரண்டு வாக்கியங்கள் தவறாமல் வந்து நிற்கும். ஒன்று, ஐகான்களைக் கண்டுபிடித்தவர் என்பது. இன்னொன்று, கணினி பற்றி ஒன்றும் தெரியாமல், நண்பன் கூப்பிட்டான் என்று தற்செயலாக உள்ளே வந்தவர் என்பது. முதலாவது உண்மை இல்லை. இரண்டாவது பாதிதான் உண்மை. நண்பன் கூப்பிட்டது நிஜம். ஆனால் வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஊசி நூல், களிமண், இரும்பு, மியூசியம், கலை வரலாறு என்று பல இடங்களில் பழகிய கை அது. அந்தப் பழக்கம்தான் திரையில் வேலை செய்தது என்பது என் கட்சி. கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

அவருக்கு முன்னால்

முதலில் அந்தக் "கண்டுபிடித்தவர்" விஷயத்தைத் தீர்த்துவிடலாம்.

கணினித் திரையில் இருக்கும் சிறு படத்துக்கு ஐகான் என்ற பெயரைக் கொடுத்தவர் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1975-ல் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்வில் அது வருகிறது. பிறகு அவர் ஜெராக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1981 ஏப்ரலில் ஜெராக்ஸ் வெளியிட்ட ஸ்டார் கணினியில் கோப்பு, கோப்புறை, அஞ்சல் பெட்டி, அச்சு இயந்திரம் எல்லாமே படங்களாக இருந்தன. அந்தப் படங்களை வரைந்தவர் நார்ம் காக்ஸ். ஒரு மூலை மடிந்த காகிதம் என்றால் ஆவணம் என்று இன்று உலகத்துக்கே தெரியும். அந்த மடிப்பு ஸ்டாரிலேயே உண்டு.

ஆனால் ஒரு ஸ்டாரின் விலை 16,000 டாலருக்கு மேல். பெரிய அலுவலகங்களைத் தவிர வேறு யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. ஆப்பிளே 1983 ஜனவரியில் லிசா என்ற கணினியைக் கொண்டுவந்தது. அதிலும் ஐகான்கள் இருந்தன, குப்பைத்தொட்டி இருந்தது. விலை 9,995 டாலர். அதுவும் விற்கவில்லை. ஒரு வருடம் கழித்து, 1984 ஜனவரி 24 அன்று வந்த மேக்கின்டாஷின் விலை 2,495 டாலர். அதுவும் மலிவு இல்லைதான். ஆனாலும் ஒரு கல்லூரி மாணவரோ, சின்ன அச்சகக்காரரோ கடன் வாங்கியாவது வாங்கலாம் என்கிற எல்லைக்குள் வந்துவிட்டது.

ஆக, சூசன் கேர் ஐகானைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் வீட்டு மேசைக்குப் போன முதல் ஐகான்களில் பெரும்பங்கு அவருடையது. கணினியைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் முதல்முறையாக உட்காரப் போகும் இடம் அது. ஜெராக்ஸ் ஐகான்கள் அலுவலகத்துக்காக வரையப்பட்டவை. இவருடையவை யாருக்காக என்று தெரியாமலேயே, எல்லாருக்காகவும் வரையப்பட்டவை. வேலையின் கஷ்டம் அங்கேதான் இருந்தது.

ஊசி, களிமண், கேலிச்சிற்பம்

சூசன் கேர் பிறந்தது 1954-ல், நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்காவில். வளர்ந்தது பிலடெல்ஃபியா பக்கம். அம்மா அவருக்கு எம்பிராய்டரி சொல்லிக்கொடுத்தார். அதுவும் இழையெண்ணிப் போடும் வகை. இதைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: துணியின் குறுக்கு இழை, நெடுக்கு இழைகளை எண்ணி, ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் ஒரு தையல் போட வேண்டும். கிராஸ் ஸ்டிச் போட்டவர்களுக்குப் புரியும். வளைவு என்று ஒன்றே கிடையாது. ரோஜாப்பூ ஆனாலும் சரி, கிளியின் மூக்கு ஆனாலும் சரி, படிக்கட்டுபோல ஏறி இறங்கும் கட்டங்கள்தான். கிட்டத்தில் பார்த்தால் கட்டம், தள்ளி நின்று பார்த்தால் பூ. நம்ம ஊரில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு அந்நியமில்லை.

பள்ளியில் படிக்கும்போதே பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ளின் இன்ஸ்டிட்யூட் அறிவியல் மியூசியத்தில் ஒரு வடிவமைப்பாளரிடம் பயிற்சிக்குப் போனார். எழுத்துரு, அச்சுக்கலை எல்லாம் அங்கேதான் அறிமுகம். 1975-ல் மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் கலைப் பட்டம். 1978-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம்.

அந்த முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓனோரே டோமியே, கிளேஸ் ஓல்டன்பர்க் என்ற இருவரின் சிற்பங்களில் கேலிச்சித்திர உத்தி எப்படிச் செயல்படுகிறது என்பது. பெரும்பாலான கட்டுரைகள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நாம் கொஞ்சம் நிற்போம்.

டோமியே 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கலைஞர். 1830-களில் பிரான்சின் அரசியல்வாதிகளை ஒவ்வொருவராகக் கைக்கு அடக்கமான களிமண் தலைகளாகச் செய்து வண்ணம் பூசினார். அவற்றில் 36 இன்று பாரிஸின் ஓர்சே மியூசியத்தில் இருக்கின்றன. ஒருவருக்கு மூக்கு, ஒருவருக்குத் தொங்கும் தாடை, ஒருவருக்கு மேடேறிய நெற்றி. ஆளை அடையாளம் காட்ட எது போதுமோ அதைப் பெரிதாக்கி, மற்றதை எல்லாம் அடக்கிவிடுகிற வித்தை.

ஓல்டன்பர்க் அமெரிக்கர், 20-ஆம் நூற்றாண்டு. அவர் எடுத்துக்கொண்டது மனிதர்களை இல்லை, பொருள்களை. துணி காயப்போடும் கிளிப், மின்சார பிளக், தட்டச்சு அழிப்பான் மாதிரி யாரும் இரண்டாம் முறை பார்க்காத சாமான்கள். அவற்றை வீடு உயரத்துக்கு வளர்த்து நடுத்தெருவில் நிறுத்துவார். 1976-ல் பிலடெல்ஃபியாவில் அவர் வைத்த துணிக்கிளிப் சுமார் 45 அடி உயரம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கூடவே, அட, இதன் வடிவம் இப்படியா இருக்கிறது என்று முதல்முறையாகக் கவனிக்கவும் தோன்றும்.

இப்போது ஐகான் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். கத்தரிக்கோல், வாளி, கைக்கடிகாரம், குப்பைத்தொட்டி, தூரிகை எல்லாம் ஓல்டன்பர்க் எடுக்கும் அதே வகைச் சாமான்கள். அவற்றை அடையாளம் காட்டப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விடுவது டோமியேயின் வித்தை. ஓல்டன்பர்க் வளர்த்தார், கேர் சுருக்கினார். எது இல்லாவிட்டால் அந்தப் பொருள் அந்தப் பொருளாக இருக்காது என்ற கேள்வி மட்டும் மாறவில்லை. அவரே இந்தத் தொடர்பை இப்படிச் சொன்னாரா என்பது வேறு விஷயம். இது என் வாசிப்பு. ஆனால் இந்த விஷயத்தில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவர் ஐந்து வருடம் கழித்து அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார் என்பதைத் தற்செயல் என்று தள்ள என்னால் முடியவில்லை.

இரும்புப் பன்றியும் ஒரு தொலைபேசி அழைப்பும்

படிப்பு முடிந்து சான் ஃபிரான்சிஸ்கோ வந்தார். அங்கே நுண்கலை மியூசியத்தில் வேலை. மற்றவர்களின் கலையைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும்தான் அந்த வேலை. தானே எதையாவது செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு விடவில்லை. 1982-ல் அர்கான்சா மாநிலத்து மியூசியம் ஒன்று ஒரு சிற்பம் கேட்டிருந்தது. ரேசர்பேக் என்கிற முதுகு சிலிர்த்த காட்டுப்பன்றி, நிஜ அளவில், இரும்பில். அதை வெல்டிங் செய்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்டின் அழைப்பு வந்தது.

ஹெர்ட்ஸ்ஃபெல்ட் பள்ளித் தோழர். மேக்கின்டாஷின் சிஸ்டம் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்த முக்கியமான நிரலாளர்களில் ஒருவர். திரைக்குச் சில படங்கள் வேண்டும், எழுத்துருக்கள் வேண்டும், கிடைக்கிறதிலேயே சின்னக் கட்டம் போட்ட தாளை வாங்கி, 32-க்கு 32 கட்டங்களுக்குள் நிரப்பி நிரப்பிப் பார் என்றார்.

கேர் பாலோ ஆல்டோவில் ஒரு ஓவியப் பொருள் கடைக்குப் போய்க் கட்டம் போட்ட நோட்டு ஒன்றை வாங்கினார். பேனாவால் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தார். நேர்முகத் தேர்வுக்குப் போவதற்கு முன்னால் நூலகத்தில் எழுத்துரு பற்றிய புத்தகங்களை எடுத்துப் படித்தார். தேர்வுக்குப் போனபோது அந்தப் புத்தகங்களும் நோட்டும் கையில் இருந்தன. தற்செயலாக நுழைந்தவர் என்று எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தோழமை கதவைத் திறந்தது, சரி. உள்ளே போனது வீட்டுப்பாடம் செய்துகொண்டு வந்தவர்.

1983 ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தார். விசிட்டிங் கார்டில் அவருடைய பதவி மேக்கின்டாஷ் கலைஞர் என்று இருந்தது. இன்று யூஎக்ஸ் டிசைனர் என்று சொல்கிற வேலைக்கு அன்று பெயரே இல்லை. டான் நார்மன் ஆப்பிளில் சேர்ந்து, பயனர் அனுபவம் என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே வைத்துக்கொண்டது 1993-ல். அதற்குப் பத்து வருடம் முந்தைய கதை இது.

ஆயிரத்து இருபத்து நாலு கட்டங்கள்

மேக்கின் திரை 9 அங்குலம். குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. நடுவில் சாம்பல் நிறம்கூடக் கிடையாது. ஒரு ஐகானுக்கு 32-க்கு 32, அதாவது 1,024 கட்டங்கள். கணினி மொழியில் 128 பைட். இன்று நாம் அனுப்பும் ஒரு குறுஞ்செய்தியே அதைவிடப் பெரியதாக இருக்கலாம்.

ஆரம்பத்தில் நோட்டில் வரைந்ததைக் கணினிக்குள் ஏற்றுவதே ஒரு வேலை. பிறகு ஹெர்ட்ஸ்ஃபெல்ட் அவருக்காக ஒரு ஐகான் எடிட்டர் எழுதிக் கொடுத்தார். பெரிதாக்கிய கட்டத்தில் சொடுக்கினால் கறுப்பு, மறுபடி சொடுக்கினால் வெள்ளை. பக்கத்திலேயே நிஜ அளவில் படம் தெரியும். அதற்கான பதினாறடிமான எண்களையும் எடிட்டரே எழுதிக் கொடுத்துவிடும். இழையெண்ணித் தையல் போட்டவருக்கு இது புதிய ஊடகமே இல்லை. பிட்மேப் வரைவது மொசைக், எம்பிராய்டரி மாதிரிதான் என்று கேர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஒரே வித்தியாசம், தையலைப் பிரிப்பதற்கு நேரம் ஆகும். பிக்சலைப் பிரிக்க ஒரு சொடுக்கு போதும்.

அப்படி வந்ததுதான் கணினியைப் போட்டதும் முதலில் தெரிந்த சிரிக்கும் மேக். மேக்கின் உருவத்துக்குள் இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு சிரிப்பு. இயந்திரம் சரியாக இருக்கிறது, ஆரம்பிக்கலாம் என்ற செய்தியை ஒரு சொல்கூட இல்லாமல் சொல்கிறது. அதே செய்தியை அதுவரை கணினிகள் எப்படிச் சொன்னன? கறுப்புத் திரையில் ஒரு குறி துடித்துக்கொண்டிருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் அது புரியும்.

முனைவர் பட்டத்து வித்தை நேராகவே தெரியும் இடம் ஒன்று உண்டு. குழுவில் இருந்தவர்களின் முகங்களை 32-க்கு 32 கட்டத்தில் வரைந்து பார்த்தார். ஸ்டீவ் ஜாப்ஸின் முகமும் அதில் ஒன்று. பார்த்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் குழுவில் ஆளாளுக்குத் தன் முகமும் வேண்டும் என்று வந்து நின்றார்கள். டோமியேயின் களிமண் தலைகளின் தூரத்து உறவு அவை.

தோற்ற ஐகான்கள்

வெற்றி பெற்றதைப் பார்த்தால் எல்லாம் சுலபமாக இருந்த மாதிரி தோன்றும். தோற்றதைப் பார்த்தால்தான் வேலை புரியும்.

ஒரு கோப்பை நகலெடுப்பதற்கு ஐகான் தேவைப்பட்டது. நகல் இயந்திரத்தை வரையலாம் என்று யோசித்தார்கள். ஆனால் நகல் இயந்திரத்துக்கென்று என்ன உருவம்? ஒரு பெட்டி. அதை 32 கட்டத்துக்குள் வரைந்தால் பெட்டி மாதிரிதான் இருக்கும். பிறகு, கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் ஒரு பூனையை வரைந்தார். ஆங்கிலத்தில் ஈயடிச்சான் காப்பி அடிக்கிறவனைப் பூனை என்பார்கள், அந்தச் சொல்விளையாட்டு. அழகான யோசனைதான். ஆங்கிலம் தெரியாதவருக்கு அது வெறும் பூனை. கைவிட்டுவிட்டார்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. சொல்லை நம்பி நிற்கும் படம் மொழி மாறும்போது செத்துவிடும். பொருளை நம்பி நிற்பது தாக்குப்பிடிக்கும். ஐகான் என்பது ஓவியத்தைவிடச் சாலையோரத்துப் போக்குவரத்துக் குறியைப் போல இருக்க வேண்டும் என்பது கேரின் கொள்கை. வண்டி ஓட்டுகிறவர் நின்று ரசிக்கப்போவதில்லை. போகிற போக்கில் புரிய வேண்டும். விவரம் கூடக் கூட, இது யாரோ ஒருவரின் வண்டி, யாரோ ஒருவரின் வாளி என்று ஆகிவிடும். விவரம் குறையக் குறைய, யாருடைய வாளியாகவும் ஆகும்.

கணினி ஒரேயடியாக நின்றுபோனால் காட்டுவதற்கு ஒரு வெடிகுண்டையும் வரைந்தார். திரி எரியும் குண்டு. அது யார் கண்ணிலும் படப்போவதில்லை என்று நிரலாளர்கள் சொன்னதாக அவர் பிறகு சொன்னார். எவ்வளவு பேர் அதைப் பார்த்தார்கள் என்பது பழைய மேக்காரர்களுக்குத் தெரியும்!

ஸ்வீடன் முகாமிலிருந்து வந்த குறி

1983 ஆகஸ்டில் நடந்தது இது. மேக்கில் குறுக்குவழிகளுக்கு என்று ஒரு தனி விசை வைத்திருந்தார்கள். அதன்மேல் ஆப்பிள் சின்னமே இருந்தது. மெனுவைத் திறந்தால் ஒவ்வொரு கட்டளைக்குப் பக்கத்திலும் ஒரு ஆப்பிள். ஜாப்ஸ் அதைப் பார்த்துக் கோபப்பட்டார். சாமி பெயரைத் தொட்டதுக்கெல்லாம் சொல்கிற மாதிரி நம் சின்னத்தை இப்படி இறைக்கக் கூடாது, மாற்றுங்கள் என்றார். அவகாசமோ மிகவும் குறைவு.

கேர் புதிதாக எதையும் வரையவில்லை. பன்னாட்டுக் குறிகளின் அகராதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாலு மூலையிலும் சுழி உள்ள ஒரு சதுரம் கண்ணில் பட்டது. ஸ்வீடனில் முகாம் மைதானங்களில், பார்க்க வேண்டிய இடம் என்று காட்டுவதற்கான குறி என்று அதில் போட்டிருந்தது. குழுவுக்கும் பிடித்துவிட்டது. 16-க்கு 16 கட்டத்தில் வரைந்து கொடுத்தார். 40 வருடம் கழித்தும் அது விசைப்பலகையில் இருக்கிறது.

அந்தக் குறிக்கு வயது அதிகம். ஸ்வீடனின் காட்லாண்ட் தீவில் கிடைத்த ஆயிரத்து நானூறு, ஆயிரத்து ஐநூறு வருடத்துப் பழைய படக்கல்லில்கூட இருக்கிறது. நார்டிக் நாடுகளில் செயிண்ட் ஜான் பெயரைச் சொல்லி அழைப்பார்கள். இன்றும் அங்கே சாலையோரப் பலகைகளில், பழமையான இடம் அருகில் இருக்கிறது என்று சொல்ல இதைத்தான் வைக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்தப் புரட்டல்தான். அவகாசம் குறைவாக இருக்கும்போது புதிதாக ஒன்றை உருவாக்கத் தோன்றுவது இயல்பு. மியூசியத்தில் இருந்தவருக்கு வேறு ஒன்று தெரியும்: உலகம் ஏற்கெனவே நிறையக் குறிகளைச் செய்து வைத்திருக்கிறது. ஹென்றி டிரைஃபஸ் 1972-ல் தொகுத்த குறிகளின் களஞ்சியம் கேருக்கு விருப்பமான நூல். ஊர் ஊராக அலைந்த அமெரிக்க நாடோடித் தொழிலாளர்கள், அடுத்து வருகிறவனுக்காகச் சுவரில் கரியால் கிறுக்கிவைத்த குறிகள்கூட அதில் உண்டு. இந்த வீட்டில் சோறு கிடைக்கும், இங்கே நாய் கடிக்கும் என்கிற மாதிரியான தகவல்கள். ஐகானுக்கு அதைவிட நல்ல பாட்டன் யார்?

ஊர்ப்பெயர் வைத்த எழுத்துருக்கள்

ஐகான்களைப் பற்றியே எல்லாரும் பேசுவதால் அவருடைய எழுத்துருக்கள் பின்னால் போய்விட்டன. என் கணக்கில் அவைதான் பெரிய வேலை.

அதுவரை பெரும்பாலான கணினித் திரைகளில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான எழுத்துக்கும் குண்டான எழுத்துக்கும் ஒரே அளவு இடம் ஒதுக்கியிருப்பார்கள். பழைய தட்டச்சுப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேக்கில் அந்தந்த எழுத்துக்கு அதற்கு வேண்டிய அகலம் மட்டும். மெனுக்களுக்காக கேர் முதலில் வரைந்த எழுத்துரு பிறகு சிகாகோ என்று பெயர் பெற்றது. அதில் கோடுகளை நேராகவோ, படுக்கையாகவோ, 45 பாகை சாய்விலோ மட்டும் வைத்தார். வேறு சாய்வு வைத்தால் திரையில் ஓரம் பல் பல்லாக இளிக்கும். தடிமனும் யோசித்து வைத்ததுதான். தேர்ந்தெடுக்க முடியாத மெனுக் கட்டளையை மங்கலாகக் காட்ட வேண்டும், ஆனால் சாம்பல் நிறம் இல்லை. அதனால் ஒன்றுவிட்டு ஒரு புள்ளியை அழித்துவிடுவார்கள். பாதிப் புள்ளி போன பிறகும் சிகாகோவைப் படிக்க முடியும். 2001-ல் வந்த முதல் ஐபாடின் சின்னத் திரையிலும் அதே எழுத்துருதான் இருந்தது.

பெயர்கள் வந்த கதை வேடிக்கையானது. கேரும் ஹெர்ட்ஸ்ஃபெல்டும் பிலடெல்ஃபியாப் பக்கத்துக்காரர்கள் இல்லையா, அந்த ஊர் லோக்கல் ரயில் நிற்கும் ஸ்டேஷன்களின் பெயர்களை எழுத்துருக்களுக்கு வைத்தார்கள். ஓவர்புரூக், மெரியன், ஆர்ட்மோர், ரோஸ்மான்ட். தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை என்று நாம் வைத்துக்கொள்கிற மாதிரி. ஜாப்ஸ் பார்த்தார். ஊர்ப்பெயர் நல்ல யோசனைதான், ஆனால் யாரும் கேள்விப்படாத ஊர்கள் எதற்கு, உலகத்தரமான நகரங்களாக வையுங்கள் என்றார். அப்படித்தான் சிகாகோ, நியூயார்க், ஜெனீவா, மோனாகோ, லண்டன், வெனிஸ், கெய்ரோ எல்லாம் வந்தன. கெய்ரோவில் எழுத்தே இல்லை, முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள். ஊர்ப்பெயர் பொருத்தம்தான், சித்திர எழுத்துக்குப் பேர்போன நாடாயிற்றே.

மேக்குக்குப் பிறகு

மேக்கோடு முடிந்துபோன ஆளாக இவரைக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் நீண்ட காலம் இருக்கிறது.

ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியே வந்து நெக்ஸ்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது கேரும் போனார். தான் பெரிதும் மதித்த வடிவமைப்பாளர் பால் ராண்டை ஜாப்ஸுக்கு அறிமுகப்படுத்தினார். நெக்ஸ்டின் சின்னத்தை ராண்ட் வடிவமைத்துக் கொடுத்தார், கூலி 1,00,000 டாலர்.

பிறகு தனியாகத் தொழில். அடுத்த வாடிக்கையாளர்களில் ஒருவர் மைக்ரோசாஃப்ட்! 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-க்கு ஐகான்கள் வரைந்தார். இப்போது 16 நிறங்கள் கையில் இருந்தன. பொத்தான்கள் மேலெழும்பி நிற்கிற மாதிரி நிழல் காட்ட முடிந்தது. சாலிட்டேர் சீட்டுக்கட்டும் அப்போது வந்ததுதான். ராஜா, ராணி, குலாம் ஒருபக்கம் இருக்கட்டும், பின்பக்கப் படங்கள் ஞாபகம் இருக்கிறதா? வௌவால் பறக்கும் கோட்டை, ரோபோ, மீன், ரோஜா. சுட்டியால் ஒன்றைப் பிடித்து இழுத்து இன்னொரு இடத்தில் விடுவது என்ற பழக்கத்தைக் கோடிக்கணக்கான கைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு என்று அதைப் பலரும் சொல்வார்கள். நம்ம ஊர் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் அலுவலகங்களிலும் மேக்கைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட இந்தச் சீட்டுகளைப் பார்த்திருக்கிறார்கள். கேரின் படைப்புகளில் அதிகம் பேர் கைபட்டது இதுவாகத்தான் இருக்கும். ஆனால் அதில் அவர் கையெழுத்து எங்கும் இல்லை.

2007-லிருந்து 2010 வரை ஃபேஸ்புக்கில் நண்பர்களுக்கு அனுப்பும் குட்டிப் பரிசுப் படங்களை வரைந்தார். ஒரு படம் ஒரு டாலர். 2015-ல் பின்டரஸ்ட், 2021-ல் நியான்டிக் லேப்ஸ். பழைய ஐகான்களைக் கலை அச்சுகளாகப் போட்டு, கையெழுத்திட்டு விற்கிறார். 2015-ல் நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் அந்தக் கட்டம் போட்ட நோட்டுகளின் பக்கங்களைக் காட்சிக்கு வைத்தது. 2018-ல் அமெரிக்க வரைகலையாளர் சங்கத்தின் பதக்கம் கிடைத்தது. 2019-ல் கூப்பர் ஹெவிட் மியூசியத்தின் வாழ்நாள் சாதனை விருது.

கடைசியாக ஒரு கணக்கு

ஒருவரின் பயோடேட்டாவில் வேலை அனுபவம் மேலே இருக்கும். பொழுதுபோக்கு என்று கடைசி வரியில் தையல், ஓவியம், சிற்பம் என்று போடுவார்கள். படிக்கிறவர் அந்த வரி வரைக்கும் வருவதே இல்லை. 1983 ஜனவரியில் கேரின் பயோடேட்டாவில் கணினி அனுபவம் என்ற இடத்தில் போட ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த வேலைக்குத் தேவைப்பட்டது முழுக்க மற்ற வரிகளில் இருந்தது. கட்டத்துக்குள் யோசிக்கத் தையல், எதை விடுவது என்று தெரிய டோமியே, சாதாரணச் சாமானைக் கவனிக்க ஓல்டன்பர்க், பழைய குறிகளை மதிக்க மியூசியம்.

அதே சமயம், தனி மேதை கதையாக இதை ஆக்கிவிடவும் எனக்கு விருப்பமில்லை. ஹெர்ட்ஸ்ஃபெல்டின் எடிட்டர் இல்லாமல், பில் அட்கின்சன் எழுதிய வரைகலை நிரல்கள் இல்லாமல், நார்ம் காக்ஸ் ஸ்டாரில் போட்ட பாதை இல்லாமல் அந்தச் சிரிக்கும் மேக் திரைக்கு வந்திருக்காது. கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தைக் கேருக்குக் கொடுக்கும்போது காக்ஸின் பெயர் அழிகிறது. கேருக்கு அந்தப் பட்டம் தேவையும் இல்லை. அவர் செய்தது அவர் செய்ததாகவே போதுமான அளவு பெரியது.

இன்று நம் கைப்பேசித் திரைகளுக்குப் புள்ளிப் பஞ்சம் இல்லை. ஒரு ஐகானுக்கே ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளி கேட்கிறார்கள். ஆனாலும் அது கடைசியில் திரையில் கட்டைவிரல் நகம் அளவில்தான் உட்காரப்போகிறது, பார்ப்பவர் அரை நொடிதான் பார்க்கப்போகிறார். வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கணக்கு நோட்டில் 32-க்கு 32 கட்டம் ஒதுக்கி, உங்கள் வீட்டு பிரஷர் குக்கரை வரையுங்கள். சாம்பல் நிறம் கூடாது. எந்தக் கட்டத்தில் அது குக்கராக மாறுகிறது என்று பாருங்கள். விசிலை எடுத்துவிட்டால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.